எடைக்கு விலைபோகாத சரக்கு: சென்னையில் நடந்த ஒரு கடற்பஞ்சுத் தொழில்முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மருந்து மூலப்பொருள்களை வாங்கி விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்திவந்த ஒருவர், கடற்பஞ்சுகளை (கடலடியில் ஒட்டி நின்று நீரை வடிகட்டி வாழும் எளிய விலங்குகள்) உலர்த்தி ஏற்றுமதி செய்யும் எண்ணத்துடன் என்னை அணுகினார். முதுகெலும்பற்ற கடல் உயிரிகளை இனங்காண்பது என் பணி என்பதால், தன் சரக்கைப் பார்த்துப் பெயர் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதே அவரது கோரிக்கையாக இருந்தது. ஆனால் அந்த வேலை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு நீண்டு, அவர் தொடங்க நினைத்த தொழிலின் உருவத்தையே மாற்றியது. இதே எண்ணத்துடன் கடற்கரைக்கு வரும் பிறருக்கு உதவும் என்று கருதி, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலுடன், பெயர்களைத் தவிர்த்து இதைப் பதிவு செய்கிறேன். இனி அவரைத் தொழில்முனைவர் என்றே குறிப்பிடுகிறேன்.

அவரது கணக்கு எளிமையானது. கடலடியை வாரி இழுத்துவரும் வலையான இழுவை மடியில் மீனோடு சேர்ந்து வரும் கடற்பஞ்சைப் படகுத் தொழிலாளர்கள் கடலிலேயே வாரி எறிகிறார்கள் அல்லது கரையில் கொட்டிவிடுகிறார்கள். ஆகவே அது விலையில்லாமல் கிடைக்கும். கடற்பஞ்சிலிருந்து புற்றுநோய் மருந்துகள் வந்திருக்கின்றன. ஆகவே அதற்கு வாங்குபவர்கள் இருப்பார்கள். வெளிநாட்டு வணிகர் ஒருவரிடமிருந்து 50 கிலோ உலர்ந்த ‘கலவைக் கடற்பஞ்சு’ கேட்டு அவருக்கு ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது. காசிமேட்டில் சில விசைப்படகு உரிமையாளர்களிடம் பேசி, மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குவதற்கு முன்பாகவே நான்கு மூட்டைகளைச் சேர்த்துத் தன் கிடங்கின் மொட்டைமாடியில் காயவைத்திருந்தார்.

அவர் சொன்ன இரண்டு தகவல்களும் உண்மையானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் தவறாக இருந்தது. அது எப்படித் தவறு என்பதை விளக்க, கடற்பஞ்சிலிருந்து மருந்து உருவான வரலாற்றை நான் அவருக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

மருந்து வந்த வழி

1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளரும் அவரது உடன்பணியாளரும் ஃபுளோரிடா கடற்பகுதியில் கிடைத்த ஒரு கடற்பஞ்சிலிருந்து, வழக்கத்துக்கு மாறான சர்க்கரை கொண்ட நியூக்ளியோசைடுகளை (மரபணுப் பொருளின் கட்டுமான அலகுகளை ஒத்த மூலக்கூறுகளை)ப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பை வெளியிட்டார்கள். அந்த அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட சைட்டராபின், 1969-இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது; இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்த மருந்துக்காக யாரும் கடற்பஞ்சை அறுவடை செய்யவில்லை.

இரண்டாவது கதை இன்னும் தெளிவானது. ஜப்பானியக் கடற்கரையில் வாழும் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்ற கடற்பஞ்சில் ஹாலிகாண்ட்ரின் பி என்ற சேர்மம் 1980-களின் நடுவில் கண்டறியப்பட்டது. 600 கிலோ கடற்பஞ்சைப் பதப்படுத்தியதில் கிடைத்தது 12.5 மில்லிகிராம். பின்னர் நியூசிலாந்துக் கடலில் வேறோர் இனத்தை ஒரு டன் அளவுக்கு எடுத்தபோதும் 300 மில்லிகிராம்தான் தேறியது. எந்தக் கடலும் அப்படி ஒரு அறுவடையைத் தாங்காது. எனவே அந்தப் பெரிய மூலக்கூறின் செயல்படும் பகுதியை மட்டும் வேதியியலாளர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட படிநிலைகளில் செயற்கையாகக் கட்டினார்கள். எரிபுலின் என்ற அந்த மருந்து, பரவிய மார்பகப் புற்றுநோய்க்காக 2010-இல் ஒப்புதல் பெற்றது.

இந்த இரண்டு கதைகளிலும் கடற்பஞ்சு கொடுத்தது ஒரு வரைபடத்தைத்தான். அதைப் படிக்கத் தேவைப்பட்டது ஒரே இனத்தைச் சேர்ந்த, எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிந்த, மீண்டும் அதே இடத்துக்குப் போய் எடுத்துவரக்கூடிய மாதிரி. பல இனங்கள் கலந்து வெயிலில் காய்ந்த 50 கிலோ மூட்டையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தொழில்முனைவர் இதை ஏற்றுக்கொள்ளச் சில நாள்கள் எடுத்துக்கொண்டார். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசியே இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்தவருக்கு அது எளிதில் இறங்கும் செய்தி அன்று.

மூட்டையைப் பிரித்தபோது

மொட்டைமாடியில் ஒரு தார்ப்பாயை விரித்து முதல் மூட்டையைக் கொட்டினோம். உயிரோடு இருந்தபோது ஊதாவாகவும் ஆரஞ்சாகவும் எலுமிச்சை மஞ்சளாகவும் இருந்திருக்க வேண்டியவை எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பாக, பழைய ரொட்டியைப்போல் உதிர்ந்தன. கையுறை அணியாமல் முதல் நாள் வேலை செய்த உதவியாளருக்கு விரல் இடுக்குகளில் அரிப்பு எடுத்து இரண்டு நாள் தணியவில்லை. பெரும்பாலான கடற்பஞ்சுகளின் உடலைத் தாங்கி நிற்பவை கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா முட்கள். கண்ணாடித் தூளைத் தொடுவதற்கும் அதைத் தொடுவதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இனங்காண்பதற்கு நாங்கள் செய்த முதல் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். நகத்தின் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, துணி வெளுக்கும் பிளீச்சிங் கரைசலில் போட்டு வைத்தோம். அரை மணி நேரத்தில் சதையெல்லாம் நுரைத்துக் கரைந்து, குழாயின் அடியில் வெண்மையான வண்டல் தங்கியது. அதைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால், இருபுறமும் கூரானவை, ஒரு முனையில் குண்டூசித் தலை போன்றவை, நங்கூரம்போல் வளைந்தவை என்று முட்கள் வகைவகையாகத் தெரியும். இந்த வடிவங்களையும் அவற்றின் அளவையும் வைத்துத்தான் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை, சொல்ல முடியும். ஆனால் உடலின் நிறம், மேற்பரப்பின் தன்மை, நீர் வெளியேறும் துளைகளின் அமைப்பு ஆகியவையும் வேண்டும். அவை காய்ந்த துண்டில் அழிந்துவிட்டிருந்தன. நான்கு மூட்டைகளில் நாங்கள் பிரித்தெடுத்த பல வகைகளில், பேரினம் வரை உறுதியாகச் சொல்ல முடிந்தவை பாதிக்கும் குறைவு.

இரண்டாவது மூட்டையில்தான் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. கடற்பஞ்சுத் துண்டுகளுக்கிடையே விசிறிபோல் கிளைத்த சிவப்புக் குச்சிகள் சில இருந்தன. அழகாக இருந்ததால் படகுத் தொழிலாளர்கள் அவற்றையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். அவை கடல்விசிறிகள், அதாவது கொம்புப் பவளங்கள். கடல்விசிறிகளும் பாறைப் பவளங்களும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு எந்த அளவு பாதுகாப்போ அதே அளவு பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. சுண்ணாம்பு முட்களைக் கொண்ட கடற்பஞ்சுகளும் அதே ஆண்டில் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. மூட்டையில் எது சுண்ணாம்பு வகை, எது சிலிக்கா வகை என்று பிரித்துப் பார்க்காமல் அதைக் கப்பலேற்றுவது எத்தகைய செயல் என்பது அப்போதுதான் தொழில்முனைவருக்கு முழுமையாக உறைத்தது. அன்று அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர், கேட்காமல் தொடங்கிவிட்டவர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மூட்டைகளைப் பற்றியது. அவற்றை எரித்துவிடலாம் என்று ஒரு நண்பர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். எரித்திருந்தால், தவறு மறைந்திருக்கும். ஆனால் அதன் பிறகு எந்த அலுவலகத்துக்கும் நேர்மையாக ஒரு விண்ணப்பத்தை எடுத்துச்செல்ல அவரால் முடிந்திருக்காது. நடந்ததை எழுத்தில் விவரித்து, வழக்குரைஞர் ஒருவரின் துணையோடு உரிய அதிகாரிகளிடம் சரக்கை ஒப்படைத்தோம். விசாரணை சில மாதங்கள் நீடித்தது, எச்சரிக்கையோடு முடிந்தது.

இரண்டாவது முடிவு, வெளிநாட்டு வணிகருக்கு மறுப்புக் கடிதம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, இந்தியாவில் உள்ள உயிரியல் வளத்தை வெளிநாட்டவர் ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பெறுவதாக இருந்தால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். வலையில் தானாக வந்தது, கழிவாகக் கொட்டப்பட்டது என்பதற்காக அதற்கு விலக்கு இல்லை. அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. தொழில்முனைவரின் அலுவலகத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். அந்த வணிகர் ஒப்புதல் பெற விண்ணப்பிக்க விரும்பவில்லை. அத்துடன் அந்தத் தொடர்பு முடிந்தது. விண்ணப்பிக்க மறுக்கும் வாங்குநர், மாதிரியின் மூலத்தை மறைக்க நினைப்பவர் என்றே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது, குளியல் பஞ்சு பற்றிய யோசனை. கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத் தீவான ஸான்ஸிபாரின் ஜாம்பியானி என்ற ஊரில் பெண்கள் ஆழமற்ற கடலில் கயிறுகளில் கடற்பஞ்சு வளர்த்து விற்பதைத் தொழில்முனைவர் காணொளியில் பார்த்திருந்தார். குளியலுக்கு ஏற்ற பஞ்சுக்கு முட்களே இருக்கக் கூடாது. ஸ்பாஞ்சின் என்ற மென்மையான புரத நார் மட்டுமே சட்டகமாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்சியா, ஹிப்போஸ்பாஞ்சியா போன்ற சில பேரினங்களுக்கு மட்டுமே அந்தத் தன்மை உண்டு. எங்கள் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை முதுகைக் கீறிவிடும் வகையைச் சேர்ந்தவை. மேலும் ஜாம்பியானியில் வெளிப்பாறைத் திட்டு அலையை உடைத்து உள்ளே அமைதியான கழியை உண்டாக்குகிறது. சென்னைக் கடற்கரையில் கரைமோதும் அலைக்கும் வளர்ப்புக் கயிற்றுக்கும் நடுவே எதுவும் இல்லை. அந்த யோசனையைக் கைவிட்டோம்.

எஞ்சியது ஒரே வழி: உள்நாட்டு ஆய்வகங்களுக்கு, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவித்து, முறையாக இனங்கண்ட சிறு மாதிரிகளை வழங்குவது; அதே மாதிரி மீண்டும் தேவைப்பட்டால் கடலைத் தொந்தரவு செய்யாமல் தருவதற்காக, வெட்டிய துண்டுகளிலிருந்து வளர்க்க முடியுமா என்று பார்ப்பது.

வளர்ப்புச் சோதனை

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்துக்குக் கிழக்கே, மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறைத்திட்டு ஒன்றில், ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழத்தில் கடற்பஞ்சுகள் இருப்பதாக அவ்வூர் மீனவர் ஒருவர் சொன்னார். அறுபது வயதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகள் முங்கிச் சங்கெடுத்தவர். ஊர்ப் பஞ்சாயத்தில் விவரம் சொல்லி அனுமதி வாங்கிய பிறகே கயிறு இறக்கினோம். அந்தக் கூட்டத்தில் அவர் தொழில்முனைவரிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “தம்பி, புரட்டாசியில போட்டா ஐப்பசியில எடுக்க உங்க கயிறு இருக்காது. வன்னி வெள்ளம் கிளம்பிடும். தை பொறக்கட்டும், நானே போட்டுத் தரேன்.” வன்னி என்பது வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

தொழில்முனைவருக்கு வங்கித் தவணை நெருக்கிக்கொண்டிருந்தது. நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன, துண்டுகளின் காயம் ஆறுவதையாவது பார்த்துவிடலாம் என்று நானும் உடன்பட்டேன்.

ஹாலிக்ளோனா, கல்லிஸ்பாஞ்சியா என்ற இரு பேரினங்களைச் சேர்ந்த தாய்ப்பஞ்சுகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், அடிப்பகுதி பாறையிலேயே இருக்கும்படி 120 துண்டுகள் எடுத்தோம். அறுபதை நைலான் நூலில் கோத்தோம். அறுபதைச் சிறு வலைப்பைகளில் போட்டுக் கட்டினோம். வெட்டும்போது நீருக்கு வெளியே எடுக்கவே கூடாது. உள்ளே காற்றுப் புகுந்தால் நீரோட்டக் கால்வாய்கள் அடைபட்டுத் துண்டு இறந்துவிடும். ஆகவே எல்லா வேலையும் நீருக்கடியிலோ கடல்நீர் நிரப்பிய தொட்டியிலோதான் நடந்தது.

ஆறாம் நாள் முங்கிப் பார்த்தபோது வெட்டுவாய்கள் மூடி, மெல்லிய புதுத்தோல் படர்ந்திருந்தது. வெட்டிய இடத்தில் ஒரு புதிய வெளியேற்றுத் துளை, கடுகளவில், திறந்து மூடிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிர், ஒரு வாரத்தில் தன்னை மறுபடியும் ஒழுங்காக அமைத்துக்கொண்டு கடலை வடிகட்டத் தொடங்கிவிடுகிறது. ஒரு கிலோ கடற்பஞ்சு நாளொன்றுக்கு 24,000 லிட்டர் வரை நீரை வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை. என்னைப் பொறுத்தவரை நம் கரையோரத்தில் கடற்பஞ்சின் மிகப்பெரிய மதிப்பு அதுதான்.

ஐந்தாம் வாரத்தில் வலைப்பைகளில் 41 துண்டுகளும், நூலில் 22 துண்டுகளும் உயிரோடு இருந்தன. நூலில் கோத்தவற்றில் இழப்பு அதிகமானதற்குக் காரணம், அலையின் அசைவில் நைலான் மென்மையான உடலை அறுத்துக்கொண்டு வெளியே வந்ததே. பைகளிலோ கண்ணிகளைப் பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) அடைத்தன. வாரம் இரண்டு முறை தூரிகையால் தேய்க்க வேண்டியிருந்தது. அந்தக் கூலியை நாங்கள் திட்டச் செலவில் சேர்த்திருக்கவில்லை.

ஐப்பசி

அக்டோபர் இறுதியில் மழை இறங்கியது. முகத்துவாரங்கள் உடைத்துக்கொண்டு ஓட, கடல் தேநீர் நிறமாயிற்று. பதினொரு நாள் படகு இறங்கவில்லை. அதற்கு முன் ஆயிரத்துக்கு 33 பங்காக இருந்த மேற்பரப்பு உப்புத்தன்மை, பன்னிரண்டாம் நாள் 25-ஆகக் குறைந்திருந்தது. நம் ஊர் மழை மட்டும் அதற்குக் காரணமன்று. கிழக்குக் கரையோர நீரோட்டம் இந்தப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்பி, வங்கக்கடலின் வடபகுதியில் ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீரையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. முதியவர் வன்னி என்று ஒரே சொல்லில் சொன்னது இதைத்தான்.

நான்கு கயிறுகளில் ஒன்று மட்டும் நங்கூரத்தோடு இருந்தது. அதிலிருந்த பைகளைத் திறந்தபோது சாம்பல் நிறச் சேற்றுப் படலத்துக்குக் கீழே துண்டுகள் வெளிறி, அழுகிய முட்டையின் நாற்றத்தோடு கையில் குழைந்தன. வடிகட்டி வாழும் உயிருக்கு, வடிகட்ட முடியாத அளவு சேறு வந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. அறுந்துபோன ஒரு கயிறு அடித்துச்செல்லப்பட்டு இன்னொரு மீனவரின் நண்டு வலையில் சிக்கிக் கிழித்திருந்தது. பஞ்சாயத்தில் பேசி, வலையின் முழு விலையோடு அவர் இழந்த நாள்களுக்கான கூலியையும் தொழில்முனைவர் கொடுத்தார். பேரம் பேசாமல் கொடுத்ததால்தான் அந்த ஊரில் அதன் பிறகும் எங்களுக்கு இடம் இருந்தது.

பாறையில் விட்டுவந்த தாய்ப்பஞ்சுகளில் பெரும்பாலானவை பிப்ரவரியில் உயிரோடு இருந்தன. வெட்டிய இடங்கள் நிரம்பியிருந்தன. முழுதாகப் பெயர்த்து எடுத்திருந்தால் அந்தத் திட்டு வெறுமையாகியிருக்கும்.

பிறகு நடந்தது

தொழில்முனைவர் வளர்ப்பை நிறுத்திவிட்டு, மாதிரி வழங்குவதை மட்டும் தொடர்ந்தார். ஒரு பருவத்தில் 17 மாதிரிகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. உயிரோடு எடுத்த நிறப்படம், முட்களின் கண்ணாடித் தகடு, ஆழம், தேதி, முங்கியவர் பெயர், அனுமதி எண் ஆகியவை அடங்கிய பதிவேட்டுத் தாளுடன். அந்த அளவே போதுமானதாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில இனங்களில் உடலின் 40 சதவீதம் வரை நுண்ணுயிர்களே குடியிருக்கின்றன. பல சேர்மங்களை உண்மையில் உருவாக்குபவை அவையே. வாங்கிய ஆய்வகம் அந்த நுண்ணுயிர்களைப் பிரித்து ஆய்வகத் தட்டில் வளர்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்தது.

பதினேழில் பல, பாக்டீரியா வளர்ச்சியைத் தட்டில் தடுத்தன. தொழில்முனைவர் மகிழ்ந்தார், அவரை நான் நிதானப்படுத்த வேண்டியிருந்தது. ஓடவும் ஒளியவும் முடியாத உயிர் வேதிப்பொருளால்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆகவே கடற்பஞ்சுச் சாற்றில் இத்தகைய செயல்பாடு தெரிவது வழக்கமானதே. அதில் ஏற்கெனவே அறியப்பட்ட சேர்மங்களைக் கழித்த பிறகு எது மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு மாதிரிகள் அடுத்த கட்டத்துக்குப் போயின. ஒன்றில் இருந்தது பழைய சேர்மம் என்று தெரியவந்தது. மற்றொன்றின் வேலை, இதை எழுதும்போதும் முடியவில்லை.

பணப்பங்கீடு முன்கூட்டியே எழுதப்பட்டது. முங்கியவருக்கும் படகுக்கும் மாதிரிக்கு இவ்வளவு என்ற கூலி. அதற்கு மேல், விற்பனையில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்கு. ஆய்வு எப்போதாவது காப்புரிமை வரை சென்றால் சட்டப்படியான பயன்பகிர்வு தனி. பாறைத்திட்டின் துல்லியமான இருப்பிடம் அனுமதி தரும் அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் மட்டும் தெரிவிக்கப்படும், வெளியிடப்படாது என்பது ஊரார் வைத்த நிபந்தனை. பார் எங்கே இருக்கிறது என்பது தலைமுறைகளாக அவர்கள் காத்துவரும் சொத்து. அந்த நிபந்தனை நியாயமானது.

வருவாயைக் கணக்கிட்டால், முதல் ஆண்டு நட்டம். இரண்டாம் ஆண்டு செலவுக்குச் சரியாக இருந்தது. தொழில்முனைவர் தன் பழைய வணிகத்தையே முதன்மையாக நடத்துகிறார். இதை ஒரு சிறு பிரிவாக வைத்திருக்கிறார்.

மறுபடி தொடங்கினால்

அனுமதி பற்றிய உரையாடலை முதல் மூட்டைக்கு முன்பே தொடங்குவேன்; பல்லுயிர் மேலாண்மைக் குழு, மாநில வாரியம், வனத்துறை, மீன்வளத்துறை நான்கையும் ஒரே கடிதத்தில் அணுகுவேன். இழுவை மடியில் வரும் பஞ்சை வணிகத்துக்கு எடுக்கவே மாட்டேன். எடுத்த இடம் தெரியாத மாதிரிக்கு அறிவியலில் பயன் குறைவு என்பது ஒரு காரணம், கழிவுக்கு விலை வந்தால் கடலடியை இன்னும் ஆழமாகச் சுரண்டத் தூண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வளர்ப்புச் சோதனையைத் தை மாதத்தில் தொடங்கி ஆவணிக்குள் கயிற்றை மேலே எடுத்துவிடுவேன். நூலில் கோப்பதை முழுதாகக் கைவிட்டு, அகலக் கண்ணி வலைப்பைகளை மட்டும் பயன்படுத்தி, தூரிகை போடும் கூலியை முதல் நாளே செலவில் சேர்ப்பேன். நண்டு வலை போடும் தடங்களை ஊராரிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே நங்கூரம் இடுவேன்.

அந்த முதியவரைக் கூலிக்கு முங்குபவராக மட்டும் கணக்கில் எழுதியதும் பிழை. இப்போது பதிவேட்டில் நீரோட்டம், காற்று, நீரின் நிறம் ஆகியவற்றுக்கான மூன்று பத்திகளை அவர் சொல்லச் சொல்ல அவருடைய பேத்தி நிரப்புகிறார். எப்போது முங்குவது, எப்போது முங்காமலிருப்பது என்ற முடிவு அவருடையது. அதற்கென மாத ஊதியம் தனியாக வழங்கப்படுகிறது.